மகளிர் தினத்துக்கு ஒரு மஞ்சள் கவர்

ரூசே நகரத்துப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் சோன்காவின் கடை. மூன்று பேர் உள்ளே நின்றால் நாலாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். போன் கவர், திரைமேல் ஒட்டும் கண்ணாடி, சார்ஜர், காரில் போனை மாட்டும் ஸ்டாண்டு, அவ்வளவுதான் சரக்கு. தையல் ஆலையை மூடியபோது கையில் கொடுத்த பணத்தில் தொடங்கிய வியாபாரம். புருஷன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். "அவனை எப்பவோ தலைமுழுகியாச்சு" என்பாள். வயது ஐம்பத்து மூன்று. வாய் மட்டும் இன்னும் இளசு.

மார்ச் எட்டாம் தேதி வந்தால் கடையில் கால் வைக்க இடமிருக்காது. தங்களுக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பது ஊர் ஆண்பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வரும். பக்கத்துக் கடை கென்சோவிடம் பூ, இவளிடம் கவர்.

"எந்த போனு?"

"கறுப்பு."

"கறுப்புல நாப்பது இருக்கு. பின்னாடி கேமராக் கண்ணு எத்தனை?"

"ரெண்டு... மூணா?"

"பெண்டாட்டிக்கு எத்தனை கண்ணுன்னாவது தெரியுமா உனக்கு?"

திட்டுவாளே தவிர, சரியானதைத்தான் எடுத்துக் கொடுப்பாள். கை நழுவவிடுகிறவளுக்கு ஓரம் தடித்த ரப்பர். பைக்குள் சாவியோடு போடுகிறவளுக்குப் புத்தக அட்டை மாதிரி மூடி உள்ளது. பளிங்கு மாதிரி மின்னும் கவரைப் பரிசுக்கு வாங்காதே, மூன்றே மாதத்தில் பழுப்பேறி, வாங்கிக் கொடுத்தவன் பெயரும் கெடும் என்பாள்.

அந்த வருஷம் எட்டாம் தேதி சனிக்கிழமை. மூன்று மணி சுமாருக்கு ஒருவன் எட்டு வயதுப் பெண்ணோடு வந்தான். நல்ல கோட்டு, நல்ல பேச்சு. போனின் பெயர், வருஷம், மேல்மூலையில் இருக்கும் சின்ன விரிசல்வரை சொன்னான். இருபது வருஷ வியாபாரத்தில் இவ்வளவு தெரிந்த புருஷனைச் சோன்கா பார்த்ததில்லை. உடனே மெச்சினாள். மெச்சிய வாய் மூடுவதற்குள் என்னவோ சங்கடமாக இருந்தது.

"தேயா, அம்மாவுக்கு எது பிடிக்கும்?"

குழந்தை மஞ்சள் நிறத்தைத் தொட்டது. மணிக்கட்டில், மார்ச் பிறந்தால் அந்த ஊரில் எல்லோரும் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூல். அவனோ அதே மஞ்சளில் மூடி உள்ளதைக் கேட்டான். பிறகு அவன் போன் அடிக்க, பேசுவதற்காக வாசலுக்குப் போனான்.

"நீயே அம்மாகிட்ட குடுப்பியா, பாப்பா?"

"ஆமா. அப்பா வாங்குனதுன்னு சொல்லக்கூடாதாம். அஞ்சு மணிக்கு நாடகக் கொட்டகை கிட்ட குழந்தைகள் ஆபீஸ் ஆன்ட்டி வருவாங்க, கார்ல கூட்டிட்டுப் போவாங்க." குழந்தை குரலைத் தாழ்த்தியது. "எங்க புது வீடு எங்க இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லமாட்டேன். அது அம்மாவும் நானும் ஆடுற ஆட்டம். இன்னும் தோக்கலையே!"

சோன்கா வாசலில் நின்றவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அவன் திரும்பி வந்தான். டியூலிப் பூ எடுத்துக்கொண்டு வா என்று குழந்தையைக் கென்சோவிடம் அனுப்பிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பொத்தான் அளவு வில்லை ஒன்றை எடுத்து வைத்தான். இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டிக்கொடுக்கும் டிராக்கர்.

"இதை மூடிக்குள்ள வச்சு ஒட்டிடுங்க அக்கா. எதையாவது தொலைச்சுக்கிட்டே இருப்பா, அதான்."

"இது கூட வந்தா அந்தம்மா போனு எச்சரிக்கை குடுக்குமே, தம்பி?"

"பழைய போன் அது, குடுக்காது. இதுல சத்தம் வர்ற பாகத்தையும் கழட்டிட்டேன்." சிரித்தான். அழகான சிரிப்புத்தான்.

மாட்டேன் என்றால் எதிர்க்கடையில் ஒட்டித் தருவார்கள். போலீஸில் சொன்னால், மனைவிக்குக் கவர் வாங்கினது குற்றமா என்று கேட்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒருவனுக்கு, நமக்கென்ன வந்தது என்று ஒட்டிக் கொடுத்தவள்தான் சோன்கா. இரண்டு மாதம் கழித்து, கிழிந்த கவரும் வீங்கிய முகமுமாக ஒரு பெண் வந்தாள். "இதை ஒட்டுனது நீங்களா?" "நானில்லம்மா" என்று கூசாமல் பொய் சொன்னாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பாழாய்ப்போன அந்த நன்றி இன்றுவரை சோன்காவைத் தூங்கவிட்டதில்லை.

மேஜைக்கு அடியில் கையை விட்டாள். கார் ஸ்டாண்டுக்காகப் போனில் ஒட்டும் உலோகத் தகடு அதே அளவுதான். தகட்டை மூடிக்குள் வைத்து ஒட்டினாள். வில்லை அவள் மேலங்கிப் பைக்குள் போயிற்று. அவன் மூடியை இரு விரலால் அழுத்திப் பார்த்தான். மேடு தட்டுப்பட்டது. போனைத் திறந்து வரைபடத்தில் வில்லையின் புள்ளியைப் பார்த்தான். திருப்தியாகத் தலையாட்டினான்.

அப்பனும் மகளும் தெருமுனை தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இன்னும் சற்று நேரத்தில் புள்ளி கடையிலேயே நிற்பதை அவன் பார்ப்பான். பொட்டலம் குழந்தை கையில். குழந்தை அவன் கையில்.

"கென்சோ, கடையைப் பாத்துக்கோ!"

"இன்னிக்கா? கூட்டம் அம்முது! பைத்தியமாடி உனக்கு?"

"ஆமா, வச்சுக்கோயேன்."

முப்பதடி பின்னால் நடந்தாள். அவர்கள் நின்றால் நின்றாள். பலகாரக் கடையில் பனிட்சா சாப்பிட்டார்கள். இவள் எதிர்ச்சுவரோரம் குளிரில் காத்திருந்தாள். அவன் மூன்று தடவை போனைப் பார்த்தான். மூன்று தடவையும் இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். புள்ளி அவர்களோடுதான் வந்துகொண்டிருந்தது, ஒரு குறையும் இல்லை.

ஐந்து மணிக்கு நாடகக் கொட்டகை வாசலில் சாம்பல் நிறக் கார் வந்தது. தேயா அப்பாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, பூவும் பொட்டலமுமாக ஏறிக்கொண்டாள். அவன் கையசைத்தான். காரின் பின்னால் ஓடவில்லை, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரமாக நிறுத்தியிருந்த தன் காரில் உட்கார்ந்து போனைத் திறந்தான்.

சாம்பல் கார் மேற்கே திரும்பியது. சோன்கா கிழக்கே, ஆற்றுப் பக்கம் திரும்பினாள். வில்லையைக் குப்பைத்தொட்டியில் போட்டால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான், சாம்பல் காரையும் எட்டிப் பிடித்துவிடுவான். ஊர் எல்லையை அது தாண்ட இருபது நிமிஷமாவது வேண்டும். பஸ்ஸில் ஏறி இருக்கைக்கு அடியில் போடலாம் என்றால், சனிக்கிழமை பஸ் வர இன்னும் அரைமணி ஆகும். நடந்தாள். வீட்டுப் பக்கம் போகிற தெரு வந்தது. அங்கே திரும்பாமல் நேரே போனாள். அந்தப் புள்ளிக்குத் தன் வீட்டைக் காட்டுவாளா?

துறைமுகச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்தது. பின்னால் ஒரு கார் மெதுவாக உருண்டு வருவது கேட்டது. அவள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. மணி பார்த்தாள். ஐந்து இருபத்தாறு. சாம்பல் கார் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா பொட்டலத்தைப் பிரிப்பாள், மஞ்சளைப் பார்த்துச் சிரிப்பாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் சோன்காவுக்கு மனசு லேசாக இருந்தது, பின்னால் அந்தக் கார் உருண்டு வந்துகொண்டிருக்கும்போதே.

கார் அவளை ஒட்டி நின்றது. கண்ணாடி இறங்கியது. அவன் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். சாலையில் முன்னும் பின்னும் வேறு யாரும் இல்லை. அவளையும் திரையிலிருந்த புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தான். கடையில் பேசிய அதே பணிவான குரலில் கேட்டான்:

"அக்கா, உங்க வீடு இந்தப் பக்கமா?"