ஐரிஷ் டேப்பில் எங்கள் வீட்டு விசில்

தொண்ணூறுகளில் அமெரிக்காவில், ஐசலினில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஐரிஷ் பெரியவர். இளமையில் சர்ச் ஹாலில் சனிக்கிழமைதோறும் ஊரையே ஆடவைத்த நடனக் குழுவில் அக்கார்டியன் வாசித்தவர். அந்த வாசிப்பில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பழைய ஸ்பூல் டேப்தான். அதுவும் தொட்டாலே உதிர்ந்தது. கடைகளில் கைவிரித்துவிட்டார்கள். நான் கேசட்டில் எடுத்துத் தருகிறேன் என்றேன். ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பாட்டுப் பிடித்து வளர்ந்தவள் நான். எனக்கு எதற்கு இரண்டையும் இணைக்கிற ஒயரும் கடையும்?

அவருடைய பிளேயரை எங்கள் ஹாலில் ஓடவிட்டு, எதிரே என் ரெக்கார்டரை வைத்தேன். வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். கடைசி நடனத்தின் நடுவே குக்கர் விசிலடித்தது.

"அடுப்பை ஆஃப் பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கணவர்மேல் பாய்ந்தேன்.

"நீதானே அசையாம உட்காரச் சொன்ன" என்றார்.

மறுபடி எடுக்க வழியில்லை. அந்த ஓட்டத்தோடு ஸ்பூல் நொறுங்கிவிட்டது.

பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். விசில் வந்ததும் சிரித்தார். அந்த இடத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். கூடாது என்றார். யார் வீட்டில் இது பிழைத்தது என்பது கேசட்டைக் கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

இன்று சர்ச் ஹாலில் பத்திரமாக இருப்பது அந்தக் கேசட்தான். அதில் அந்த ஊர்க்காரர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பருப்பும் வெந்துகொண்டிருக்கிறது.