ஸ்டீரிங் இல்லாத வண்டி

தாயில்பட்டி டீக்கடையில் கண்ணுச்சாமியின் இரண்டு கைகளும் காற்றைப் பிடித்து இடப்பக்கம் ஒடிக்கின்றன. முழங்கை இடித்து, பக்கத்தில் இருப்பவரின் டீ வேட்டியில் கொட்டுகிறது. "வளைவுல இப்படி ஒரே ஒடி! கல்கத்தா டிராம் வண்டி பம்பரமாத் திரும்பும்லே!" வாலிபத்தில் கல்கத்தாவில் டிராம் ஓட்டியதாகச் சொல்லிச் சொல்லி, முப்பத்தைந்து வருடமாக இதே வளைவு, இதே ஒடிப்பு.

பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சட்டைப்பையில் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது. எழுத வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை. "அஞ்சாப்புக்கு மேல படிச்சவன் எவன்லே டிராம் ஓட்டுனான்?" என்பார்.

வெடிமருந்து அறைக்குள் யார் நுழைந்தாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். வாசலில் பதித்த செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். முதலாளியையே வாசலில் நிறுத்தி வைத்த மனிதர் இவர். அம்புட்டுப் பேர் உயிரையும் காத்த அந்தக் கண்டிப்பைப் பற்றி டீக்கடையில் ஒரு சொல் பேசியதில்லை. அதில் என்ன பெருமை இருக்கிறது?

அந்த வருடம் தை மாதம் ஊரிலிருந்து காசி யாத்திரை போன கூட்டம் கல்கத்தாவில் ஒரு பகல் தங்கியது. பழைய டிராம்களை நிறுத்தி வைத்திருக்கும் காட்சிக்கூடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் மனைவி சோலையம்மாள் பிடித்துக்கொண்டார். "நீங்க ஓட்டுன வண்டியப் பாக்காம ஊருக்கு வரமாட்டேன்." கண்ணுச்சாமிக்கு உடனே வயிற்றுவலி வந்தது. மைத்துனன் ஆண்டிச்சாமி சோடா வாங்கிக் கொடுத்து அழைத்துப் போனான்.

வண்டியில் ஏறுமுன் கண்ணுச்சாமி செருப்பைக் கழற்றினார். கதவோரப் பித்தளைத் தகட்டில் உள்ளங்கையைப் பதித்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து அங்கிருந்த காவலாளியும் கைகூப்பினான்.

ஓட்டுநர் நிற்கும் இடத்தில் கைகள் பழக்கத்தில் மேலே எழுந்தன. பிடிக்க ஒன்றும் இல்லை. எதிரே ஒரு பெட்டி, அதன்மேல் சுழற்றும் கைப்பிடி ஒன்று. குனிந்து கீழேயும் தேடினார்.

"களவாணிப் பயலுக! ஸ்டீரிங்கக் களட்டி வித்துட்டானுக!"

காவலாளிக்குத் தமிழ் தெரியாது. கைப்பிடியை இடக்கையால் சுழற்றிக் காட்டினான். காலடிக் கட்டையைக் குதிகாலால் மிதித்தான். டங் டங் என்று மணி அடித்தது.

"மச்சான், தண்டவாளத்துல போற வண்டிய எங்கிட்டு ஒடிச்சீக? ஆத்துக்குள்ளயா?" ஆண்டிச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஊருக்கு வாங்க. டீக்கடையில பேசிக்கிடுவோம்."

சோலையம்மாள் சிரிக்கவில்லை. "டிராம் ஓட்டுன மாப்பிள்ளைன்னுதான எங்கய்யா என்னையக் கட்டிக் குடுத்தாரு?"



ஊர் வந்து சேர்ந்த மறுநாள் டீக்கடை நிறைந்திருந்தது. முதல் பெஞ்சில் ஆண்டிச்சாமி. கறிவேப்பிலை வாங்க வந்தவர்போல் வாசலில் சோலையம்மாள்.

"மச்சான், அந்த வளைவைச் சொல்லுங்க, கேப்போம்."

இரண்டு கைகளும் எழுந்தன. பாதியில் நின்றன. கண்ணுச்சாமி வாசலை ஒருமுறை பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வலக்கையைக் கீழே இறக்கி, இடக்கையால் வயிற்றுக்கு நேரே இல்லாத கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே, குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தார்.

"டங்... டங்..."