கம்பி வாயில், டொக்டர் விமானத்தில்

பல் கிளினிக்கின் வாசல் மேசை என்பது, வாயுள்ள மனிதர்கள் வாயில்லாதவர்களாக மாறும் இடம். வெளியே நீள வாங்குப் பலகையில் காத்திருக்கும்போது சீனி விலையிலிருந்து அமைச்சரவை வரைக்கும் கதைப்பார்கள். நம்பரைக் கூப்பிட்டதும் அடங்கிவிடுவார்கள். உள்ளே கதிரையில் சாய்ந்து வாயை ஆவென்று திறப்பார்கள், ஆனால் அதிலிருந்து ஒரு கேள்வி வராது.

நான் அந்த மேசைக்கு ஆசைப்பட்டுப் போனவன் அல்ல. உரம் வரவில்லை, குளத்துத் தண்ணீர் கடைசி வயலுக்கு எட்டவில்லை என்று துண்டுப் பிரசுரம் எழுதி, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தே வயது போனது. முழங்கால் விட்டதும், கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடை முதலாளி தன்னுடைய பல் கிளினிக்கில் நம்பர் கூப்பிடும் வேலை தந்தார். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, பல்லுக்குக் கம்பி போட்டு நிமிர்த்தும் நிபுணர் ஒருவர் கொழும்பிலிருந்து வருவார். கம்பி போட்டவர்களே, போடப் போகிறவர்களே, அங்கே கண்டதைச் சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

படத்துக்கு ஏற்ற பல்

முள்ளியவளையிலிருந்து ஒரு தாய் மகளோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசி முற்றாகிவிட்டது, மாப்பிள்ளை ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகிறார். மகளின் முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. தரகர் அனுப்பிய படத்தில் ஸ்டூடியோக்காரர் அவற்றைக் கம்பியூட்டரில் நிமிர்த்திவிட்டிருந்தார். ஆகவே மாப்பிள்ளை வந்து இறங்குவதற்குள் பல்லைப் படத்துக்கு ஏற்றபடி ஆக்க வேண்டும். இதுதான் அந்த வீட்டின் கோரிக்கை.

டொக்டர் பொறுமையாகச் சொன்னார். பல் எலும்புக்குள் நிற்பது, மெல்ல மெல்லத்தான் நகரும், ஒன்றரை இரண்டு வருடம் செல்லும், அவசரப்படுத்தினால் வேர் தேயும். மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொன்னால் என்ன என்று நான் கேட்டேன். அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வையில், நான் கல்யாணத்தைக் குழப்ப வந்தவன் என்று எழுதியிருந்தது. கடைசியில் கம்பியைப் போடுவது, கல்யாண வீட்டில் மகள் வாயை மூடிச் சிரிப்பது என்று முடிவாயிற்று. போகும்போது என்னிடம் ஒரு முறைப்பாடும் வைத்தார்: “ஸ்டூடியோக்காரன் பரவாயில்லை ஐயா, நாங்கள் தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்கிடையிலை நிமித்தித் தந்தவன்.”

அன்னதானம்

கம்பியைக் கழற்றியதும் வைத்தியம் முடிந்தது என்று நினைப்பவர்களை என்ன செய்வது? நிமிர்ந்த பல் பழைய இடத்துக்குப் போகத்தான் பார்க்கும். போகாமல் பிடித்து வைக்க ஒரு பிளேட் தருவார்கள். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். கழற்றினால் அதற்கென்று தந்த பெட்டிக்குள் வைக்க வேண்டும். இதற்கு மேல் இதில் விளங்குவதற்கு ஒன்றுமில்லை.

ஸ்கந்தபுரத்துப் பொடியன் ஒருவன், வங்கியில் வேலை. பெட்டியை வைத்தால் சட்டைப்பை பொம்மிக்கொண்டு நிற்கும் என்று, அதை வீட்டில் விட்டுவிட்டுக் கோயில் அன்னதானத்துக்குப் போனான். பிளேட்டைக் கழற்றி வாழையிலை ஓரத்தில் வைத்தான். பாயசம் முடிந்ததும் இலையை மடித்தான், பிளேட்டோடு. இலைகளைக் கொட்டிய இடத்தில் மாடு நின்றது.

பிறகு மாதக்கணக்காக ஆளைக் காணவில்லை. வந்தபோது முன்பல் பழையபடி கோணியிருந்தது. மாடு தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும், அடுத்த கிழமையே வந்து புதிதாக ஒன்று செய்விக்க உனக்கு என்ன வந்தது என்று கேட்டேன். கடன் கேட்டு வருகிறவர்களைக் கேள்வியால் குடைந்தெடுக்கிற அந்த வங்கிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “வெக்கமாய்க் கிடந்தது அண்ணை. எங்கை பிளேட் எண்டு டொக்டர் கேட்டால், அது அங்கை அசைபோட்டுக்கொண்டு நிக்குது எண்டோ சொல்லுறது?”

கேள்வி கேட்டவர்

நான் இருந்த காலத்தில் அந்தக் கதிரையில் சாய்ந்தபின்னும் கேள்வி கேட்டவர் ஒருவர்தான். பெயர் சுகந்தி, ஆனையிறவு உப்பளத்தில் வேலை, முப்பது வயதிருக்கும். அவர் அழகுக்கு வந்தவர் அல்ல. மேல்பல் முன்னுக்குத் தள்ளி, கீழ்ப்பல்லோடு சந்திக்காமல் நின்றது. ஒரு பாண் துண்டைக்கூட முன்பல்லால் கடிக்க முடியாது. இடம் எடுப்பதற்கு மேலே இரண்டு நல்ல பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார் டொக்டர். மற்றவர்கள் என்றால் தலையாட்டியிருப்பார்கள். ஏன் பிடுங்க வேண்டும், பிடுங்காமல் ஏலாதா, பிடுங்கிய இடம் எப்போது மூடும், மூடாவிட்டால் என்ன செய்வது என்று சுகந்தி கேட்டது வாசல் வரைக்கும் கேட்டது. டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். கேட்டால் சொல்வார்கள், கேட்பதற்குத்தான் நம்மிடம் ஆளில்லை.

மகனுக்குக் கம்பி இறுக்கக் கூட்டி வந்திருந்த பாடசாலை அதிபர் ஒருவர் வாங்கில் இருந்தார். பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்குவதற்குச் சம்பளம் வாங்குபவர். அவர் என் பக்கம் சாய்ந்து சொன்னார்: “டொக்டரையே குறுக்கு விசாரணை செய்யிறா, உப்பு அள்ளுற இடத்திலை சட்டமும் படிப்பிக்கினம் போலை.”

டொக்டர் போனார்

சுகந்தியின் பல் இரண்டையும் பிடுங்கி, கம்பி போட்டு, இடைவெளி பாதி மூடிவரும் நேரத்தில் ஒரு சனிக்கிழமை டொக்டர் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. நாடே போய்க்கொண்டிருக்கும்போது ஒருவரை மட்டும் திட்டி என்ன? ஆனால் தான் கம்பி போட்ட வாய்களை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அந்த நிலையில் கம்பியைக் கழற்றினால், நல்ல பல் இரண்டும் போனதுதான் மிச்சம், ஓட்டை அப்படியே நிற்கும். கழற்றாமல், பார்ப்பாரும் இல்லாமல் விட்டால் பல் தன்பாட்டுக்கு எங்காவது போகும். வேறு நிபுணரிடம் போகலாம். ஆனால் தொடக்கத்தில் பல் எப்படி நின்றது என்று காட்டும் எக்ஸ்ரேயையும், வெள்ளையாக வார்த்து வைத்திருக்கும் பல் அச்சையும் அவர் கேட்பார். எல்லாருடைய எக்ஸ்ரேயும் அச்சும் முதலாளியின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. சுகந்தி போய்க் கேட்டார். கொடுத்தால் ஆட்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று முதலாளி மறுத்துவிட்டார். “வாய் அவையின்ரை, பல்லு அவையின்ரை, அச்சு மட்டும் உங்கடையோ?” என்று நான் கேட்டேன். முதலாளி சிரித்தார். “புது டொக்டர் வருவார். நீங்கள் நம்பரை மட்டும் கூப்பிடுங்கோ.”

நேர்த்தியான வரிசை

நான் பேனையை எடுத்தேன். ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம். சனிக்கிழமை எல்லாரும் வாருங்கள், அச்சும் எக்ஸ்ரேயும் கைக்கு வரும்வரை எழும்பக் கூடாது. வந்தார்கள். வாங்கு நிறைந்து, படி நிறைந்து, சிலர் மதிலோடும் நின்றார்கள். அதிபரும் வந்தார், முள்ளியவளைத் தாயும் மகளும் வந்தார்கள். இந்தச் சனத்துக்கும் முதுகெலும்பு இருக்கிறதே என்று ஒரு மணித்தியாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி வெளியே வந்தார். ஏசவில்லை. உள்ளே வேறொரு பல் டொக்டர் இருக்கிறார், வந்த எல்லாருக்கும் இன்றைக்குப் பல் சுத்தம் செய்வது இலவசம் என்றார். நம்பர் கூப்பிட நான் மறுத்துவிட்டேன். கூப்பிட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதிபரே எழும்பி நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினார். என் வாழ்நாளில் எந்த ஊர்வலத்துக்கும் இப்படி நேர்த்தியான வரிசையை நான் கட்டியதில்லை. முள்ளியவளைத் தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். நீங்களுமா என்று கேட்டேன். “அச்சு அலுமாரிக்கைதானே கிடக்கு ஐயா, அது ஓடாது. இலவசம் இண்டைக்கு மட்டுந்தானாம்.”

எழும்பாதவர்

சுகந்தி மட்டும் கதவடிக் கதிரையை விட்டு எழும்பவில்லை. கோஷமும் போடவில்லை. எனக்கே சலிப்பாக இருந்தது. அப்போது புதிதாகக் கம்பி போடுவது பற்றி விசாரிக்க ஒரு தகப்பன் மகளோடு வந்தார். சுகந்தியின் கம்பியைக் கண்டதும், இங்கேயா போட்டது என்று கேட்டார். “ஓம், இஞ்சைதான். நல்ல பல்லு ரெண்டைப் பிடுங்கிப்போட்டு டொக்டர் கம்பி போட்டவர். இப்ப ஆளில்லை. எக்ஸ்ரேயைக் கேட்டால் தரவும் மாட்டினமாம்,” என்று உதட்டைத் தூக்கி ஓட்டையைக் காட்டினார் சுகந்தி. தகப்பன் மகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதை, அதே உதடு. முதலாளி கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார். இன்னுமொருவர் படியேறும்போது அலுமாரி திறந்தது. சுகந்தியின் அச்சும் எக்ஸ்ரேயும் ஒரு பைக்குள் வந்தன. என்னை இனி வரவேண்டாம் என்றார்கள். அது எனக்குப் பழகிய வசனம்.

வவுனியாவில் ஒரு நிபுணர் அச்சைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தான் முடித்துத் தருவதாகப் பொறுப்பெடுத்தார். சில மாதங்களுக்குப் பின் பஸ் நிலையத்தில் சுகந்தியைக் கண்டேன், ஓட்டை மூடிக்கொண்டு வந்தது. மற்றவர்களின் அச்சு இன்னும் அலுமாரிக்குள்தான் கிடக்கிறது, கம்பி போட்டவர்களுக்கு ஒரு சங்கம் அமைப்போம், நீர்தான் தலைவி என்று சொன்னேன். வவுனியா பஸ் வந்து நின்றது. அவர் ஏறிக்கொண்டே சொன்னார்: “பல்லு மினுங்கிக்கொண்டிருக்கிறவை ஏன் ஐயா சங்கத்துக்கு வரப்போகினம்?”

போடுகிறவர் போனால் முடிக்கிறவர் யார் என்று முதல் நாளே கேட்டு, எக்ஸ்ரேயின் பிரதியையும் கையோடு வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு மிஞ்சப்போவது, இலவசமாகச் சுத்தம் செய்த ஓட்டைதான்.