எத்திராஜின் செத்த காலேஜ்

எண்ணூர்க் குப்பத்தில் பிறந்தும் கடலுக்குப் போகத் துப்பில்லாத ஆண்பிள்ளை ஒருவன் உண்டென்றால் அது எத்திராஜ்தான். படகு அலையைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். "மீனுக்குத் தீனி போடவா வந்தே?" என்று அண்ணன்மார்கள் ஒருநாள் அவனைக் கரையில் இறக்கிவிட்டார்கள். பிறகு சவுக்குத் தோப்புத் துரையின் பங்களாவுக்குக் காவல்காரன் ஆனான். "பங்களா எங்கியும் ஓடிப்போவாது. ஓடாத பொருளைக் காவல் காக்க நம்மள வுட்டா வேற எவன் கீறான்?" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

தோப்பு பெரியது. குப்பத்துப் பெண்கள் ஒரு காலத்தில் அங்கே சவுக்கு நட்டு, தண்ணீர் ஊற்றி, கட்டை சுமந்தவர்கள். கட்டை கால்வாய்ப் படகில் பேசின் பிரிட்ஜுக்குப் போகும். யுத்தகாலத்தில் பஸ் ஓட்டக் கரி வேண்டுமென்று தோப்பை மொட்டையடித்தார்கள். சுதந்திரம் வந்த மறுவருஷம் துரையும் கப்பலேறிவிட்டார். மிச்சம் நின்றது பங்களா ஒன்றுதான். தேக்கு உத்தரம், தேக்குக் கதவு, தேக்குப் படிக்கட்டு, கீழே ஒரு ஆபீஸ் அறை.

அந்த அறையின் சுவரில்தான் எத்திராஜின் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. துரையின் தங்கை ஒருத்தி பொழுது போகாமல், தோப்பில் வேலை செய்தவர்களைச் சுவர் முழுக்க வர்ணத்தில் எழுதி வைத்திருந்தாள். நடுவில் துரையின் குதிரை. பக்கத்தில் தலைச்சுமையோடு ஒருத்தி, மூக்கு கொஞ்சம் கோணல். அதுதான் அங்கம்மா, அவனுடைய தாய். அவன் தவழும்போதே காய்ச்சலில் போய்விட்டவள். அம்மாவின் முகம் அவனுக்கு இந்தச் சுவரில்தான் உண்டு, வேறெங்கும் இல்லை.

ஐம்பத்திரண்டில் துரையின் வக்கீல் சொல்லியனுப்பினார். ராயபுரம் மரக்கடைத் தவசிமுத்து தேக்குக்காகப் பங்களாவை இடித்தெடுக்கப் போகிறார், சாவியைத் தயாராக வை என்று. எத்திராஜ் சட்டைகூடப் போடாமல் வக்கீல் வீட்டுக்கு ஓடினான்.

"எயும்பூர்ல செத்த காலேஜ், அதான் மூசியம், பாத்துகீறேன் சாமி. திமிங்கிலத்தோட வெறும் எலும்புக்கு அம்மாம் பெரிய வூடு குட்த்துக்கீறாங்க. எங்கம்மா முழுசா கீறா. அவளுக்கு ஒரு ரூமு ஆவாதா?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மனுஷன் கொஞ்சம் இளகினார். "துரை என் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறார். விவரம் தெரிந்த அதிகாரி ஒருவரை அழைத்து வருகிறேன். காப்பாற்ற வேண்டிய வீடுதான் என்று அவர் சொன்னால், குப்பத்தாரே அதைக் காட்சிசாலையாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தவசிமுத்து கடப்பாரையோடு வருவார்."

வீட்டில் பெண்டாட்டி செல்லம்மா பிடித்துக்கொண்டாள். "உசிரோட கீற நமக்கே கூரை ஒழுவுது. செத்ததுக்குக் காலேஜ் கேக்குதா உனுக்கு?" சொன்னாளே தவிர, வீடு வீடாக ஏறி இறங்கினவளும் அவள்தான். துரை போன அன்றைக்கே பங்களாச் சாமான்கள் குப்பத்துக்குக் குடிவந்துவிட்டன. காவல்காரன் அப்போது எங்கே இருந்தான் என்று கேட்கக்கூடாது; மேசையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தவன் அவன்தான். இப்போது மேசை திரும்பி வந்தது. நாற்காலி வந்தது. துரை குளித்த தொட்டி, கருவாட்டுக்கு உப்புப் போட்ட கோலத்தோடே வந்தது.

எல்லாம் உப்புக்காற்றில் வெளிறிப் பல்லிளித்துக் கிடந்தன. குப்பத்தில் மரம் வெளிறினால் வைத்தியம் ஒன்றுதான், சுறா எண்ணெய். எத்திராஜுக்குப் படகில் ஏறத்தான் வராது. படகுக்கு எண்ணெய் பூசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கூட்டாளி சுப்புராயன் ஒரு பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். நன்றாகப் புளித்த எண்ணெய். உத்தரம், கதவு, ஜன்னல், படிக்கட்டு, மேசை எதையும் விடவில்லை. மரம் குடிக்கக் குடிக்க ஊற்றினார்கள். உற்சாகம் தலைக்கேறிப்போய் எத்திராஜ் சுவரில் இருந்த குதிரைக்கும் ஒரு கை இழுத்துவிட்டான். குதிரை கறுத்துவிட்டது.

"யோவ், செவுரு இன்னா படகா?" என்று செல்லம்மா துணியைப் பிடுங்கி எறிந்தாள். நல்லவேளை, அடுத்து அம்மாவின் முறை.

மறுநாள் வெயில் ஏற ஏற எண்ணெய் வேலையைக் காட்டியது. குப்பத்துப் பூனை அத்தனையும் பங்களா வாசலில். வக்கீலின் கார் வந்து நின்றது. வெள்ளைப் பேண்ட் போட்ட அதிகாரி இறங்கி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசற்படி ஏறினார். உள்ளே ஓரடி வைத்தார். அவ்வளவுதான், திரும்பி ஓடிவந்து மணலில் குனிந்துவிட்டார். எத்திராஜ் அவர் தலையைப் பிடித்துக்கொண்டான். தரையில் நிற்கும் மனுஷனுக்கும் இது வரும் என்று அன்றைக்குத்தான் கண்டான்.

"புளிப்பு கிளிப்பு எதனா வாயில போட்டுக்கோ சாமி, சரியாப் பூடும். உள்ள எங்கம்மாவ ஒருவாட்டி பாத்துட்டு..."

"உள்ளேயா?" அதிகாரி காரில் ஏறிக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார். வக்கீல் எத்திராஜைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கார் போய்விட்டது.

சுப்புராயன் பக்கத்தில் வந்து நின்றான். "மாமு, உங்கம்மாவ நீயே கொன்னுட்டியே." எதிரி வேறு எதற்கு? தன் கை ஒன்று போதாதா?

அந்த வாரமே தவசிமுத்து ஆட்களோடும் கடப்பாரைகளோடும் வந்து இறங்கினார். திருநெல்வேலிச் சீமை மனுஷர். மரத்தை மோந்தே வயது சொல்லக்கூடியவர். வாசற்கதவை மோந்தார்.

"என்னவே இது? கருவாடு அடைச்ச கிட்டங்கியா?"

இழைப்புளி போட்டு ஒரு சீவு சீவச் சொன்னார். உள்ளேயும் அதே நாற்றம். இன்னும் சீவினார்கள், இன்னும் நாறியது. எத்திராஜ் பொய் சொல்லத் தெரியாத முட்டாள். அதிலும் தன் வேலையைக் குறைசொன்னால் பொறுக்கமாட்டான்.

"அது போவாது அண்ணாச்சி. நான் பூசுனது. படகே முங்கிப் பூடும், என் எண்ணெ மட்டும் போவாது."

"அடப் பாவிப்பயலே! இந்தக் கதவ எவன் வீட்டு வாசல்ல மாட்டுவேன்? பொண்ணு பாக்க வந்தவன் வாசலோடயே ஓடிருவானே! சவத்த நீரே வச்சு அழும்வே!"

கடப்பாரைகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. அவர் வாயால் சேதி மரக்கடைகளுக்கெல்லாம் பரவ, வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தோப்பு போன வெறும் மணலை யார் கேட்பார்? மழைக்காலம் முடிந்ததும் வக்கீல் பங்களாவைக் குப்பத்தாருக்கே விட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். கையை நீட்டித் தூரத்திலிருந்தே கொடுத்தார்.

திறப்பு விழா என்று ஒன்றுமில்லை. செல்லம்மா கதவைத் திறந்து வைத்தாள், குப்பம் உள்ளே வந்தது. எண்ணெய் நெடி அவர்கள் யாருக்கும் உறைக்கவேயில்லை. அவர்கள் வீடெல்லாம் அந்த வாசனைதானே. எத்திராஜ் துண்டை உதறித் தோளில் போட்டு, அதிகாரி மாதிரி முன்னால் நடந்து, "இவதான் அங்கம்மா, எங்கம்மா" என்று கம்பால் காட்டினான்.

தோப்பில் கட்டை சுமந்த கிழவி கெங்கம்மா அவன் கையிலிருந்த கம்பைப் பிடுங்கினாள்.

"நவுருடா. உனுக்கு இன்னா தெரியும்? அவ பின்னால நிக்கிறது நானு. உங்கம்மா பொடவ மடிப்பப் பாரு, உப்பிக்கினு கீதில்ல? அந்த வெள்ளக்காரிச்சி படம் எழுதுறப்ப உங்கம்மாவுக்கு ஆறு மாசம். அது நீதான்டா, சோமாறி."

எத்திராஜ் கிட்டே போய்ப் பார்த்தான். இத்தனை வருஷம் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தவன், வயிற்றைப் பார்த்ததேயில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஆயா," என்றான், குரல் இறங்கி. "வேற யார் யார் கீறாங்க வவுத்துல?"

கெங்கம்மா கம்பை நகர்த்தினாள். "இவ வவுத்துல சுப்புராயனோட அண்ணன். அந்தாண்ட நிக்கிறவளுக்கு ரெட்டப் புள்ள, ஒண்ணு தங்கல..." பெண்கள் எல்லாரும் சுவரோடு சுவராக நெருக்கினார்கள். சுவரைத் தொடாதீங்க, தொடாதீங்க என்று காவல்காரன் பின்னாலிருந்து கத்தினான். ஒருத்தியும் அவனைச் சட்டை செய்யவில்லை.