போனில் இன்ஜின் சத்தம் கேட்டவர்

யாராவது பேய்க் கதை ஆரம்பித்தாலே எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் இது பட்டப்பகலில், ஒரகடம் ரோட்டில், எனக்கே நடந்தது.

என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் கார். எனக்கு முன்னால் யார் யாரோ ஓட்டியது. வேகமாகப் போனால் ஒன்றும் செய்யாது. மெதுவாக்கினால் உதறும், சிக்னலில் அணைந்துவிடும், மறுபடி மிதித்தால் திணறும். பிளக் மாற்றினேன், இக்னிஷன் காயில் மாற்றினேன், அது பாட்டுக்கு உதறிக்கொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில், வாடகைக் கார் வராமல் போனதால், என் மச்சான் பிரபுவை அவன் கல்யாணத்துக்கே அதில் ஏற்றிக்கொண்டு போனேன். சிங்கப்பெருமாள் கோவில் போக வேண்டும். ஒரகடம் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அணைந்தது. கிளப்பினால் கிளம்பும், உடனே அணையும்.

"மாமா, பொண்ணு வூட்ல இன்னா நெனைப்பாங்க? பேசாம ஷேர் ஆட்டோல போயிடட்டா?" என்று பட்டு வேட்டியை மடித்துக் கட்டினான் பிரபு.

பதற்றத்தில் இசக்கிக்குப் போன் போட்டேன். எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிப் பையன், கம்பெனியில் வேலை, முன்பு ஊரில் கார் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவன். உடனே எடுத்தான்.

"போனை இன்ஜின் பக்கத்துல பிடிங்கண்ணே."

மாப்பிள்ளை ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொள்ள, நான் போனைக் காட்டினேன்.

"உஸ்ஸுன்னு கேக்குல்லா? பின்பக்கம் சின்ன ரப்பர் குழாய் இருக்கும். அது வழியா காத்து இழுக்கு. நுனியில தடவிப் பாருங்க."

தடவினேன். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் வெடிப்பு! விரலால் அடைத்தேன், உதறல் நின்றது. இன்ஜினை அணைத்து, ஒரு லாரி டிரைவரிடம் பிளேடு வாங்கி, வெடித்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி சொருகினேன். கிளப்பினால், அப்பா, பட்டு மாதிரி ஓடுகிறது! தாலி கட்டும்போது மாப்பிள்ளையைவிட நான்தான் அதிகம் சிரித்தேன்.

மாலை வரவேற்புக்கு இசக்கி வந்தான். கட்டிப்பிடித்து நன்றி சொன்னேன்.

"எந்த போனுண்ணே? நான் காலை ஷிப்டுல்லா. கம்பெனி லைனுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க, லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் போனேன்."

அவன் போனை வாங்கிப் பார்த்தோம். என் அழைப்பு இருந்தது, எடுத்துப் பேசியதாகவே இருந்தது. லாக்கர் சாவி அவன் பையைவிட்டு வெளியே வரவில்லையாம். சரி, வண்டிக்கு என்ன கோளாறு என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பெட்ரோல் பம்பு போயிருக்கும்ணே" என்றான். பந்தியே சிரித்தது.

ஒன்றை மட்டும் அவனிடம் இன்னும் சொல்லவில்லை. வண்டி சரியானதும் நான் போனை வைக்கப் போனபோது, "வைக்காதீங்கண்ணே, கொஞ்ச நேரம் அப்படியே ஓடட்டும், கேக்க நல்லாருக்கு" என்றது அந்தக் குரல். மாப்பிள்ளை கத்திக்கொண்டிருந்தான், நான் போனை இன்ஜின்மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுமுனையில் யாரோ நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.

இப்போதும் வீட்டுக்கு வந்ததும் வண்டியை உடனே அணைக்க எனக்கு மனம் வருவதில்லை. சும்மா ஓட விட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"பெட்ரோல் இன்னா ஓசிலயா வருது?" என்று வாசலிலிருந்து கத்துகிறாள் என் மனைவி.