பெட்டி எங்கள் வீட்டில், தட்டு அடுத்த வீட்டில்

காலையில் பட்டாபிராமில் என் மாடி வீட்டுக்காரர் பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். பாட்டுக்கு முன் வரும் கரகரப்பைக் கேட்டதும் சின்ன வயதில் நாங்கள் இருந்த ஆவடி குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது.

அங்கே கிராமபோன் பெட்டி எங்களுடையது. தட்டுகள் ஒன்பதும் அடுத்த வீட்டு ஜோசப் மாமாவுடையவை. ஞாயிறுதோறும் இரண்டும் சேர்ந்தால்தான் சங்கீதம். கீர்த்தனை இயற்றியவர்களில் அப்பாவுக்குத் திருவையாற்றுக்காரர்தான் உசத்தி, மாமாவுக்கு நிதான நடையில் இயற்றிய திருவாரூர்க்காரர்.

ஒரு ஞாயிறு அப்பா, "உங்காளு பாட்டு மாட்டு வண்டி மாதிரி நகருது ஜோசப்பு" என்றுவிட்டார். மாமா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. நட்பு முறிந்தே போயிற்றோ என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு தட்டுகளோடு வாசலில் நின்றார்.

"உன்னப் பாக்க வர்ல நைனா. பெட்டி எப்டி கீதுன்னு பாக்க வந்தேன்."

"நல்லாத்தான் கீது. உள்ள வந்து பாரு" என்று அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதல் தட்டு பாதி ஓடுவதற்குள் இருவரும் யார் உசத்தி என்று மறுபடி குரலை உயர்த்தினார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசித்தது.