கண்ணாடி விரியனும் மலைப்பாம்பும்

பிலிப்பு பாம்புக்குப் பயந்தவரில்லை. ரிஷிவந்தியம் பக்கத்தில் இருபது வருஷமாகக் கரும்பு வெட்டுகிறார். தோட்டத்தில் பாம்பைக் கண்டால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாரையை வாலைப் பிடித்துத் தூக்கி வரப்புக்கு அப்பால் விட்டுவிடுவார்.

போன தை மாதம் ஒரு காலையில், காய்ந்த கரும்புச் சோகைக்கு அடியில் தடித்த பாம்பொன்று சுருண்டு கிடந்தது. உடம்பெல்லாம் பழுப்பு வட்டங்கள்.

"மலைப்பாம்புக் குட்டி. வெஷம் கெடையாது" என்று சொல்லி, கழியால் ஓரமாகத் தள்ளிவிட்டார். கரும்பைக் கட்டிக்கொண்டு வந்த அவர் மனைவி உபகாரமேரி, சற்று நேரத்தில் அந்தப் பக்கம் காலை வைத்தாள். கணுக்காலில் கடித்துவிட்டது.

"இன்னாங்க இது, இப்டி எரியுது?"

"பல்லு பட்டா எரியாதா? சித்த நேரம் குந்து, சரியாப் பூடும்."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் மறுபடி வேலைக்கு எழுந்தாள். கால் வீங்கியது. மதியம் வாய் கொப்பளித்தபோது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. ஷேர் ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றியும், அதற்குள் சிறுநீரகம் கெட்டிருந்தது. ஆறாம் நாள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் பிலிப்பு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார். உபகாரமேரியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் தனுஷாவிடம், "அது இன்னா பாம்பும்மா?" என்று கேட்டார்.

அவள் போனில் இரண்டு படங்களைக் காட்டினாள். கண்ணாடி விரியனுக்கு வட்டங்கள் சங்கிலிபோல மூன்று வரிசையாக ஓடும், செதில் சொரசொரப்பு. மலைப்பாம்புக்குத் திட்டுகள் தாறுமாறாக இருக்கும், தோல் வழவழப்பு.

"மலைப்பாம்புக்கு வாலாண்ட ரெண்டு நகம் இருக்கும்ணா. பாம்புங்களுக்கு ஒரு காலத்துல காலு இருந்துச்சு, அதோட மிச்சம். விரியனுக்கு அது கெடையாது. முட்ட போடாம குட்டியாவே ஈனும். பாக்கத்தான் ஒண்ணாட்டம் தெரியும்."

அந்தப் படங்களை அச்செடுத்து அட்டையில் ஒட்டினார். வெட்டு தொடங்கும் தோட்டமெல்லாம் போய், ஆட்கள் முன்னால் நின்றார்.

"நான் வெஷம் இல்லன்னு சொன்னதாலதான் எம்பொண்டாட்டி செத்தா. கடிச்சா இன்னா பாம்புன்னு யாரையும் கேக்காதீங்க. என்னையும் கேக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பங்குனியில் மலர்விழி என்ற கூலிக்காரப் பெண்ணை விரியன் கடித்தது. அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள், பிழைத்துக்கொண்டாள். உடம்பு தேறியதும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பிலிப்பு வீட்டுக்கு வந்தாள்.

"நீங்க சொன்னது ஞாபகத்துல இருந்துச்சுண்ணா."

அவர் தலையை ஆட்டினார். அவள் போன பிறகு கதவோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அடக்கத்தின்போதுகூட அப்படி அழாதவர். மகள் ஜூலியா ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"உங்கம்மாவும் பொழச்சிருப்பாம்மா" என்றார்.